குடை பிடிச்சும் நனைஞ்சது ஏன்? டிப்ஸ் ஃபண்ட்: ஒரு தொடக்கப் பாடம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு மெயிலில் இருந்து தொடங்குது. அமெரிக்காவில், டல்லாஸில் வேலை பார்க்கும் நம்ம நேயர் ஒருத்தர் எழுதியிருக்காங்க:

“அக்கா, 2022 ஜனவரியில் 10,000 டாலரை ஒரு டிப்ஸ் ஃபண்டில் போட்டேன். விலைவாசி ஏறப் போகுது, இது காப்பாத்தும்னு ஆபீஸ் நண்பர் சொன்னார். விலைவாசியும் ஏறுச்சு. ஆனா டிசம்பரில் பார்த்தா கணக்கில் 8,800 டாலர்தான் இருந்தது. பயந்து போய் வித்துட்டேன். அது 2024-ல் வீடு வாங்க முன்பணமா எடுத்து வெச்சது. எங்கே தப்பு பண்ணேன்?”

நல்ல கேள்வி. அவங்க மட்டும் இல்லை, அந்த வருஷம் நிறைய பேர் இதே அதிர்ச்சியில்தான் இருந்தாங்க. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1%. நாப்பது வருஷத்தில் இல்லாத உச்சம். அதே வருஷம் பரவலான டிப்ஸ் ஃபண்டுகள் சுமார் 12% விழுந்தன. பணவீக்கப் பாதுகாப்புன்னு பேர் வெச்ச ஒன்னு, பணவீக்கம் உச்சத்தில் இருந்த வருஷத்தில் எப்படி விழும்? அதைத்தான் இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

பத்திரம் எப்படி வேலை செய்யுது?

முதல்ல ஃபண்டை மறந்துடுங்க. ஒரே ஒரு பத்திரத்தை எடுத்துக்குவோம். டிப்ஸ் என்பது அமெரிக்க அரசு 1997-ல் இருந்து வெளியிடும் கடன் பத்திரம். 5, 10, 30 ஆண்டு என்று மூன்று காலத்துக்குக் கிடைக்கும். சாதாரணக் கடன் பத்திரத்தில் அசல் மாறாது. இதில் அசலே விலைவாசியோடு சேர்ந்து நகரும். அளவுகோல், நுகர்வோர் விலைக் குறியீடு. சுருக்கமா சிபிஐ. (நம்ம ஊர் புலனாய்வுத் துறை இல்ல, பயப்படாதீங்க!)

ஒரு உதாரணம். 1,000 டாலர் பத்திரம், வட்டி 1%. ஒரு வருஷத்தில் குறியீடு 5% ஏறினா அசல் 1,050 ஆகும். இனி அந்த 1% வட்டி, 1,050-க்குக் கணக்காகும். அதாவது அசலும் ஏறும், வட்டித் தொகையும் ஏறும். விலைவாசி இறங்கினா அசலும் இறங்கும். ஆனா முதிர்வு நாளில், முதலில் வெளியிட்ட 1,000-க்குக் கீழே அரசு கொடுக்காது. ஏறியிருந்தா ஏறின தொகை, இல்லைன்னா 1,000.

இதுவரைக்கும் குடை நல்லாத்தான் இருக்கு.

அப்போ எங்கே ஓட்டை?

இங்கே ஒரு சொல் முக்கியம்: உண்மை வட்டி. பணவீக்கத்தைக் கழிச்ச பிறகு கையில் மிஞ்சுற வட்டி அது. 2022 தொடக்கத்தில் 10 ஆண்டு டிப்ஸின் உண்மை வட்டி ஏறக்குறைய மைனஸ் 1%. ஆமா, மைனஸ். அன்னைக்கு வாங்கினவங்க, “வருஷா வருஷம் பணவீக்கத்தைவிட 1% கம்மியா கிடைச்சாலும் பரவாயில்லை”ன்னு ஒத்துக்கிட்டுத்தான் வாங்கினாங்க. நிறைய பேருக்கு அப்படி ஒத்துக்கிட்டதே தெரியாது.

அப்புறம் ஃபெடரல் ரிசர்வ் களத்தில் இறங்குச்சு. மார்ச் வரைக்கும் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டி விகிதம், டிசம்பரில் 4.25 முதல் 4.50% வரை போச்சு. டிப்ஸின் உண்மை வட்டியும் வருஷக் கடைசியில் பிளஸ் 1.5% பக்கம் வந்துடுச்சு.

இப்போ யோசிங்க. உங்க கையில் இருக்கிறது மைனஸ் 1% பத்திரம். சந்தையில் புதுசா கிடைக்கிறது பிளஸ் 1.5%. உங்களோடதைப் பழைய விலைக்கு யார் வாங்குவாங்க? விலையைக் குறைச்சாத்தான் போகும்.

எவ்வளவு குறையும்? அதுக்குத்தான் ‘டியூரேஷன்’னு ஒரு எண் இருக்கு. ஒவ்வொரு ஃபண்டின் விவரப் பக்கத்திலும் போட்டிருப்பாங்க. டியூரேஷன் 7 என்றால், உண்மை வட்டி 1% ஏறும்போது விலை சுமார் 7% இறங்கும். பரவலான டிப்ஸ் ஃபண்டுகளின் டியூரேஷன் கிட்டத்தட்ட 7. உண்மை வட்டி ஏறினது 2.5%. பெருக்கினா 17.5% இறக்கம். பணவீக்கத்தால் அசலில் கூடினது சுமார் 7%. கழிச்சுப் பார்த்தா பத்து, பதினோரு சதவீத நஷ்டம். தோராயக் கணக்குதான், ஆனாலும் நம்ம நேயரோட 8,800-க்குப் பக்கத்தில் வந்துட்டோம் பாருங்க.

ஆக, குடை வேலை செஞ்சது. அது மழைக்கான குடை. அன்னைக்கு அடிச்சது மழையோட சேர்ந்த புயல்.

பத்திரம் வேற, ஃபண்ட் வேற

தனிப் பத்திரம் வாங்கினவருக்கு ஒரு முதிர்வு நாள் இருக்கு. நடுவில் சந்தை விலை என்ன ஆனாலும், அந்த நாள் வரை காத்திருந்தா பேசினபடி பணம் வந்துடும். ஃபண்டுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அது பழசை வித்து, புதுசை வாங்கிக்கிட்டே இருக்கும்.

அதுக்காக ஃபண்ட் கெட்டதுன்னு அர்த்தம் இல்லை. வட்டி ஏறினா, ஃபண்ட் புதுசா வாங்குற பத்திரங்கள் அதிக வட்டியில் வரும். காலப்போக்கில் அது பள்ளத்தை நிரப்பும். ஆனா அதுக்கு ஏறக்குறைய டியூரேஷன் அளவுக்குக் காலம் வேணும். டியூரேஷன் 7 உள்ள ஃபண்டில் இரண்டு வருஷத்தில் தேவைப்படும் பணத்தைப் போட்டதுதான் நம்ம நேயர் செஞ்ச முதல் தப்பு. 5 ஆண்டுக்குள் முதிரும் பத்திரங்களை மட்டும் வைக்கிற குறுகிய கால டிப்ஸ் ஃபண்டுகள் அதே 2022-ல் சுமார் 3%தான் இறங்கின.

இரண்டாவது, வித்த நேரம். மைனஸ் வட்டியில் உள்ளே போய், பிளஸ் வட்டி வந்ததும் வெளியே வந்துட்டாங்க. நீண்ட காலப் பணமா இருந்திருந்தா, அது உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம். வீட்டு முன்பணம் என்பதால், அவங்க பயந்ததைத் தப்புன்னும் சொல்ல முடியாது.

வாங்கும் முன்னாடி மூணு கேள்வி

ஒன்னு: இந்தப் பணம் எப்போ வேணும்? அந்த ஆண்டுகளைவிட டியூரேஷன் அதிகமா இருந்தா, அந்த ஃபண்ட் உங்களுக்கு இல்லை.

ரெண்டு: இன்னைக்கு உண்மை வட்டி பிளஸ்ஸா, மைனஸ்ஸா? வாங்குறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க.

மூணு: எந்தக் கணக்கில் வைக்கிறீங்க? தனிப் பத்திரத்தில் 1,000 டாலர் 1,050 ஆனா, அந்த 50 கைக்கு வராமலே அந்த வருஷம் மத்திய வருமான வரி உண்டு. அதனால்தான் பலர் இதை 401கே, ஐஆர்ஏ மாதிரி ஓய்வூதியக் கணக்குகளில் வைக்கிறாங்க. ஃபண்டில் இந்த ஏற்றம் பெரும்பாலும் டிவிடெண்டா வெளியே வந்துடும். ஒரு மாசம் நிறைய வரும், ஒரு மாசம் ஒன்னுமே வராது. அதை எடுத்துச் செலவு பண்ணிட்டா, உங்க அசல் விலைவாசியோட வளராது. திரும்ப அதிலேயே போடணும்.

நம்ம ஊரில் இது கிடைக்குமா?

சென்னை, கோவை நேயர்கள் கேட்பீங்கன்னு தெரியும். இந்தியாவும் முயற்சி பண்ணியிருக்கு. 1997-ல் வந்த பத்திரத்தில் அசலுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. 2013 ஜூனில் அசல், வட்டி இரண்டுக்கும் பாதுகாப்போடு வந்தது. ஆனா அளவுகோல் மொத்த விலைக் குறியீடு. 2014 கடைசியில் இருந்து ஒரு வருஷத்துக்கு மேல மொத்த விலைப் பணவீக்கம் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. அதே நேரம் கடையில் நாம கொடுக்கும் சில்லறை விலை சுமார் 5% ஏறிக்கிட்டிருந்தது. பாதுகாப்பு இருந்துச்சு, ஆனா நம்ம மளிகைப் பில்லுக்கு இல்லை. 2013 டிசம்பரில் சில்லறை விலைக் குறியீட்டோடு, கூடவே 1.5% வட்டியோடு, பொதுமக்களுக்கென்றே ஒன்னு வந்தது. குறைந்தபட்சம் 5,000 ரூபாய், 10 ஆண்டு. 2014 மார்ச்சில் விற்பனை முடிஞ்சுது.

இப்போ கிடைக்கும் மாறும் வட்டி சேமிப்புப் பத்திரத்தை இதோட குழப்பிக்காதீங்க. அதோட வட்டி தேசிய சேமிப்புப் பத்திர வட்டியைவிட 0.35% அதிகம், அவ்வளவுதான். விலைவாசியோட நேரடித் தொடர்பு இல்லை.

இங்கிருந்தே அமெரிக்க டிப்ஸ் இடிஎஃப் வாங்கலாமா? வாங்கலாம். ஆனா அது காப்பது டல்லாஸ் முட்டை விலையை. கோயம்பேடு வெங்காய விலையை இல்லை. மேலே டாலர் ஏற்ற இறக்கம் வேற.

மெயில் எழுதின நேயருக்கு: நீங்க வாங்கின பொருள் ஏமாத்தலை. அதோட காலமும் உங்க வீட்டோட காலமும் பொருந்தலை. அடுத்த முறை ஃபண்ட் பேரைப் படிக்கிறதுக்கு முன்னாடி டியூரேஷனைப் படிங்க.

வழக்கம்போல, இது புரிதலுக்காக மட்டும்தான், முதலீட்டு ஆலோசனை இல்லை. கேள்விகளை அனுப்பிக்கிட்டே இருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!