உஷார்! ஆம்பர் விளக்கைப் பார்த்ததும் டிஸ்க்கை உருவிவிடாதீர்கள்

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஷாப் ஃப்ளோரில் நிற்பவர்களுக்கு டவர் லைட் அத்துப்படி. பச்சை என்றால் மெஷின் ஓடுகிறது, மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் லைன் நின்றுவிட்டது. நைட் ஷிஃப்டில் ஐ.டி. ஆள் இல்லாத நேரம், அதே பழக்கத்தோடு மெயின்டெனன்ஸ்காரர் சர்வர் ரூமுக்குள் போகிறாரே, அங்கேதான் ஆபத்து!

அங்கே நிறங்களுக்கு அர்த்தம் வேறு. நீல விளக்கையே பாருங்கள். மெஷின்களுக்கான ஐஇசி 60204 விதிப்படி, நீலம் எரிந்தால் ஆபரேட்டர் ஏதாவது செய்தே ஆகவேண்டும். சமீபத்திய டெல் பவர்எட்ஜ் சர்வரின் முகப்பில் நீலம் நின்று எரிந்தால் எல்லாம் நலம். பிளிங்க் ஆனால், இந்தப் பெட்டிதான் என்று அடையாளம் காட்ட யாரோ அதை பிளிங்க் ஆக விட்டிருக்கிறார்கள். அதற்குப் பயந்து பவர் பட்டனை அழுத்தினால், நன்றாக ஓடிய சர்வரை நீங்களே நிறுத்துகிறீர்கள்.

டிஸ்க் வரிசையில் செய்யும் தப்பு அதைவிடப் பெரிது. டெல்லில் செத்த டிஸ்க்கின் விளக்கு ஆம்பரில் படபடவென்று பிளிங்க் ஆகும். ஹெச்பி புரோலயன்டில் அதே ஆம்பர் அசையாமல் எரியும். பச்சை, ஆம்பர், பிறகு அணைவது என்று மாறிமாறி வந்தால், டெல் டிஸ்க் சீக்கிரம் போகப்போகிறது என்று அர்த்தம். ஹெச்பி டிஸ்க் ட்ரேயில் வெள்ளை விளக்கு எரிந்தால் கையே வைக்காதீர்கள்! அதை உருவினால் மொத்த அரேயும் விழும்.

இன்னொரு பொறி, எண். லாகில் டிஸ்க் 3 என்று வந்தால் டெல்லில் அது நான்காவது. அங்கே எண்ணிக்கை 0-வில் தொடங்கும். ஹெச்பியில் 1-லிருந்து. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும். செத்ததை விட்டுப் பக்கத்து நல்ல டிஸ்க்கை உருவினால் அது இரண்டாவது இழப்பு. அந்த நிமிடமே உற்பத்தியை நடத்தும் எம்இஎஸ் மென்பொருள் படுத்துவிடும், பார்கோடு லேபிள் வராது. கார் லைனுக்கு வரிசைப்படி சீட் அனுப்பும் வெண்டருக்கு லாரி கேட்டிலேயே நிற்கும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் தாராளமாக வையுங்கள். ஆனால் விளக்கின் மேல் வைத்துவிட்டால் அது ஆம்பரா பச்சையா என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. பூஜைக்காக அணைத்த சர்வரை மறுபடி போட்டவுடன் கிளம்பிவிடாதீர்கள். வருஷக்கணக்கில் சுழன்ற டிஸ்க் ஒருமுறை நின்றால் திரும்பச் சுழலாமலே போகலாம்.

விளக்கு மாறியதும் முதலில் வீடியோ எடுங்கள். பிளிங்க் ஆகும் வேகம் போட்டோவில் தெரியாது. போன் அனுமதி இல்லாத பிளான்ட் என்றால் நிறம், வேகம், ஸ்லாட் எண் மூன்றையும் எழுதி ஐ.டி. ஆளுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். டெல்லின் ஐடிராக் அல்லது ஹெச்பியின் ஐலோ லாகைப் பார்த்து, பேக்கப் இருக்கிறதா என்று உறுதிசெய்து, கன்சோலிலிருந்து அந்த டிஸ்க்கை மட்டும் அவர் பிளிங்க் ஆக விடட்டும். அதன் பிறகு உருவுங்கள். புது டிஸ்க் போட்டதும் பச்சை மெதுவாக பிளிங்க் ஆகும். ரீபில்டு முடிய மணிக்கணக்காகும். பச்சை நின்று எரியும்வரை வேறு எந்த டிஸ்க்கையும் யாரும் தொடக்கூடாது என்று ரேக்கின் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.