உஷார்! அருவிக்கரை பொம்மைக்குள் பொத்தான் பேட்டரி!

பிள்ளைகளோடு குற்றாலம் ஐந்தருவிக்குக் கிளம்புகிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கள். குளித்துவிட்டு வரும் வழியில், மின்னிச் சுற்றும் பொம்மையைக் கேட்டுப் பிள்ளை அடம்பிடிக்கும். காசை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன சீசனில் எனக்குத் தெரிந்த குடும்பத்தில் நடந்தது. இரண்டு வயதுப் பிள்ளை. விளக்கு எரியும் பம்பரம். லாட்ஜில் தலை துவட்டுவதற்குள் பம்பரம் விழுந்து மூடி கழன்றது. உள்ளே மூன்று பொத்தான் பேட்டரிகள். தரையில் கிடந்தவை இரண்டு. பிள்ளைக்கு எச்சில் ஒழுகியது. "அருவித் தண்ணில ஆடுனது, சளி புடிச்சிருக்கும்" என்றார்கள். தாய் மட்டும் பேட்டரியை எண்ணினாள். தென்காசிக்கு ஓடினார்கள். எக்ஸ்ரேயில் தெரிந்தது. பிழைத்தது பிள்ளை. எண்ணாமல் விட்டிருந்தால்?

இது காசை விழுங்கியது போல் அல்ல! ஈரமான உணவுக்குழாயில் ஒட்டியதும் மின்சாரம் பாய்ந்து, காரம் ஊறும். இரண்டே மணி நேரத்தில் சதை வெந்துபோகும். தீர்ந்த பேட்டரியும் பொசுக்கும்.

"சிஇ முத்திரை இருக்கே" என்பார் கடைக்காரர். ஏமாறாதீர்கள். அது ஐரோப்பியச் சந்தைக்கானது. பெரும்பாலும் தயாரிப்பாளரே ஒட்டிக்கொள்வது. அங்கேயே அதிகாரிகள் கடை கடையாகச் சோதித்து, ஆபத்தான பொருட்களை வாராவாரம் 'சேஃப்டி கேட்' பட்டியலில் வெளியிடுகிறார்கள். நம் நாட்டில் 14 வயதுக்குட்பட்டோர் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 2021 ஜனவரி 1 முதலே!

இவற்றைக் கண்டால் வாங்காதீர்கள்:

- ஐஎஸ்ஐ முத்திரை இல்லை. அல்லது முத்திரையோடு சிஎம்/எல் உரிம எண் இல்லை. எண் இருந்தால் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள்.
- பேட்டரி மூடிக்கு ஸ்குரூ இல்லை, நகத்தாலேயே திறக்கிறது.
- தயாரிப்பாளர் பெயர், முகவரி இல்லை.
- பில் தர மறுக்கிறார்கள்.

புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

விழுங்கியதாகச் சந்தேகமா? எச்சில் ஒழுகுதல், விழுங்கத் திணறல், இருமல், நெஞ்சுவலி வரலாம். ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். "பேட்டரி" என்ற வார்த்தையை வாசலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது காசு போலத் தெரியும்.

இன்றிரவே வீட்டுப் பொம்மைகளை எடுத்துப் பாருங்கள். மூடி ஆடுகிறதா?