வரவு எழுதாத கணக்கு

விழுங்கிய மாத்திரை குடலிலிருந்து ரத்தத்தில் சேருவதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. நமக்குக் கிடைப்பதெல்லாம், மணிக்கொரு முறை எடுத்த ரத்தத்தில் இருந்த மருந்தின் அளவு மட்டுமே. அதை வைத்தும் உடனே முடிவு சொல்ல முடியாது. ஒரு பக்கம் மருந்து வந்துகொண்டிருக்க, மறுபக்கம் கல்லீரலும் சிறுநீரகமும் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு மருந்து சேர்ந்தது என்று அறிய எளிய வழி ஒன்றை 1963-இல் ஆய்வாளர்கள் ஜான் வாக்னரும் ஈனோ நெல்சனும் வெளியிட்டார்கள். மளிகைக் கடைக்காரர் போடும் கணக்குதான் அது. கல்லாவில் இருப்பதையும் இதுவரை செலவானதையும் கூட்டினால் வரவு தெரிந்துவிடும்!

கணக்குக்காக ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் இருப்பதில் மணிக்கு 0.2 பங்கு என்ற வேகத்தில் அது வெளியேறுகிறது. முதல் மணி முடிவில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் இருக்கிறது. வரைபடத்தில் பூஜ்யத்திலிருந்து 6 வரை ஏறிய கோட்டின் கீழுள்ள பரப்பு 3. அதை 0.2-ஆல் பெருக்கினால் செலவு 0.6. ஆக, வரவு 6.6. இரண்டாம் மணியில் இருப்பு 7, தொடக்கத்திலிருந்து கூட்டிய பரப்பு 9.5, செலவு 1.9, வரவு 8.9. கடைசிவரை கூட்டிய மொத்த வரவு 10 என்றால், முதல் மணியில் 66 சதவீதமும் இரண்டாம் மணியில் 89 சதவீதமும் சேர்ந்துவிட்டன. சேர வேண்டிய பாக்கி 34, பிறகு 11. மணிக்கு மணி மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. உறிஞ்சும் வேகம் அதுதான். ரத்தத்தில் இருந்த அளவை மட்டும் பார்த்தவருக்கு, இரண்டாம் மணியில் 6 என்பது 7 ஆனது மட்டுமே தெரிந்திருக்கும்.

ஆனால் வெளியேறும் வேகம் தவறினால் எல்லாமே தவறிவிடும். நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் மெதுவாக உறிஞ்சப்படும். உள்ளே வந்தது சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால் கடைசியில் சரியும் கோடு காட்டுவது வரும் வேகத்தையே, போகும் வேகத்தை அல்ல. அதே மருந்தை ரத்தக்குழாய் வழியே செலுத்திப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். இந்தச் சோதனையைத் தவிர்ப்பது பெரும் பிழை என்பேன்.

நாள் முழுதும் சிறிது சிறிதாக மருந்து விடும் மாத்திரைகளை இத்தகைய கணக்குகளின் துணையோடுதான் வடிவமைக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்டிருப்பவை அவை. நசுக்கினால் ஒரு நாளைக்கான மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடக்கூடும். வீட்டுப் பெரியவர்களால் விழுங்க முடியவில்லை என்று அவற்றைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.