விரைவுக்கு ஒரு கடிவாளம்

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே உள்ள சிற்றூர் அனுப்பம்பட்டு. அந்நிலையத்தில் புறநகர் மின்தொடர்வண்டி வந்து நிற்கிறது. கூடையோடு இறங்குவோர் இறங்க, புத்தகப் பையோடு ஏறுவோர் ஏறுகின்றனர். சற்றுமுன் பாய்ந்து வந்த வண்டி நின்றுவிட்டது. அதன் விரைவு எங்கே போயிற்று?

ஆற்றலை அழித்தல் இயலாது. ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவுக்கு மாற்றவே இயலும். உராய்வினால் நிறுத்தப்பெறும் ஊர்தியின் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. 1500 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 100 கி.மீ. விரைவில் வந்து நிற்கும்போது பிறக்கும் வெப்பம், இரண்டு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதுமானது. விரைவு இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இத்தனையையும் சில நொடிகளில் தாங்க வேண்டியவை சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகளும், அவற்றை இருபுறமும் கவ்வும் பிரேக் பேடுகளுமே.

இத்தட்டுகள் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனவை. சென்னை பாடியில் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் இத்துறையில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. அன்றாடப் பயணத்திற்கு இரும்பே போதும். ஆனால், நீண்ட மலைச்சரிவில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் வெப்பம் மிகும்; பேடுகளின் பிடி தளரும்; பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும். மிதித்த கால் தரையைத் தொடும், வண்டியோ நில்லாது. மலைப்பாதையில் தாழ்ந்த கியரில் இறங்குக என்று எச்சரிப்பது இதனாலன்றோ?

மிகுந்த விரைவில் செல்லும் கார்களுக்கு இக்குறையை நீக்க வந்ததே கார்பன்-செராமிக் பிரேக். இதற்கு முன்னோடி, வானூர்திகளில் பயன்பட்ட கார்பன்-கார்பன் தட்டு. அது பெருவெப்பத்தைத் தாங்கும். ஆயினும் குளிர்ந்த நிலையில் அதன் பிடி குறைவு. அன்றியும், கரியாதலால் கடுஞ்சூட்டில் காற்றுப்பட்டுத் தேய்ந்துபோகும். சாலைக்கு ஏற்றவாறு அதனைத் திருத்தி, 2001ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் தன் 911 வகைக் கார்களில் பொருத்தியது.

அதன் செய்முறை சுவையானது. துண்டாக்கிய கார்பன் இழைகளைப் பிசினோடு கலந்து, தட்டு வடிவ அச்சிலிட்டு, வெப்பமூட்டி அழுத்துவர். இறுகிய தட்டினைக் காற்றுப் புகாத உலையில் ஏறத்தாழ 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவர். பிசின் கரியாகி, நுண்துளைகள் நிறைந்த தட்டு கிடைக்கும். பின்னர் வெற்றிட உலையில் சிலிக்கனோடு வைத்து மேலும் சூடேற்றுவர். 1414 டிகிரியில் உருகும் சிலிக்கன், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் துளைகளுக்குள் தானே ஏறும். கரியோடு வினைபுரிந்து சிலிக்கன் கார்பைடு என்னும் கடினப் பொருளாகும். அதனைச் செதுக்க வைரக் கருவியே வேண்டும்!

பீங்கான் விழுந்தால் உடையுமே, இத்தட்டு உடையாதா என்று வினவலாம். மண்சுவருக்கு வைக்கோல் கலந்து குழைப்பதில்லையா? வைக்கோல் விரிசலைத் தடுப்பது போன்றே இங்கே இழைகள் தடுக்கின்றன. இத்தட்டு இரும்புத் தட்டின் எடையில் ஏறத்தாழப் பாதியே. 1000 டிகிரியை நெருங்கும் வெப்பத்திலும் வளையாது. உப்புக் காற்றில் துருவேறாது.

இவ்வறிவு நமக்கு அயலானதன்று. 1989 மே 22 அன்று ஏவப்பெற்ற அக்னி ஏவுகணையின் வெப்பக் கவசம் கார்பன்-கார்பனால் ஆனது. அத்திட்டத்தை வழிநடத்தியவர் இராமேசுவரம் ஈன்ற அப்துல் கலாம். பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் நான்காம் நிலைக்கெனக் கார்பன்-கார்பன் புகைபோக்கியை உருவாக்கிய இஸ்ரோ, 2024 ஏப்ரல் 2 அன்று நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் அதனை 200 நொடிகள் இயக்கிச் சோதித்தது. அதற்கும் மேற்பூச்சு சிலிக்கன் கார்பைடே. அதனால் அப்பகுதியின் எடை 67 விழுக்காடு குறையும்; ஏவூர்தி 15 கிலோ கூடுதலாகச் சுமக்கும். பழவேற்காட்டு ஏரிக்கரை மக்கள் அண்ணாந்து பார்க்கும் ஸ்ரீஹரிகோட்டா ஏவூர்திக்கும் சாலையோரம் நிற்கும் காருக்கும் உள்ள உறவு இதுவே.

எனினும் ஒன்று கருதத்தக்கது. இத்தட்டுகளின் விலை பல இலட்சம் ரூபாய். ஒருமுறை நிறுத்துவதற்கு ஆகும் தூரத்தை முடிவு செய்வது தட்டன்று. சாலையைப் பற்றும் டயரே. வழுக்கும் டயருக்கு விலையுயர்ந்த தட்டு துணையாகாது. மீன் ஏற்றிச் செல்லும் சிறு வண்டிக்கு வேண்டுவது தேயாத டயரும், தேய்ந்ததும் மாற்றிய பேடும், உரிய காலத்தில் மாற்றிய பிரேக் எண்ணெயுமே. அவ்வெண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் ஏற ஏற விரைவில் கொதிப்பது. ஏரியும் கடலும் சூழ்ந்த ஊரார் இதனை மறத்தலாகாது.

ஓடக் கற்ற ஊர்தி நிற்கவும் கற்றிருத்தல் வேண்டும். வீட்டில் காத்திருப்போர்க்கு வண்டி எத்துணை விரைவாக ஓடியது என்பது பொருட்டன்று. நிற்க வேண்டிய இடத்தில் நின்றதா என்பதே பொருட்டு.