சுவர் குடித்த மழை

இந்திய பெயின்ட் வரலாற்றில் மும்பைக்குப் பெரிய இடம் உண்டு. 1942-இல் சம்பக்லால் சோக்ஸியும் அவருடைய மூன்று நண்பர்களும் இங்கே ஒரு கராஜில் தொடங்கியதுதான் ஏசியன் பெயின்ட்ஸ். அந்த நிறுவனத்துக்காக ஆர்.கே. லக்ஷ்மண் 1954-இல் வரைந்த, பிரஷும் வாளியுமாக நிற்கும் பொடியன் ‘கட்டூ’வை ஐம்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெயின்ட் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகவே சொல்லிக்கொடுக்கும் ரசாயனத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐ.சி.டி., 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகப் பிறந்து, இன்று மாட்டுங்காவில் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அதே மாட்டுங்காவில் ஆகஸ்ட் மாதம் நான்கு வீடு ஏறி இறங்குங்கள். ஒரு வீட்டிலாவது மேற்குச் சுவர் கொப்புளித்து, பெயின்ட் அப்பளமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

உடனே பழி பெயின்ட் மேல் விழும், அடுத்தது பெயின்டர் மேல். பெரும்பாலான வீடுகளில் இரண்டு பேரும் நிரபராதிகள். சாந்தாகுருஸ் வானிலை நிலையக் கணக்குப்படி ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்நகரில் சுமார் 2,300 மி.மீ. மழை பெய்கிறது. சென்னைக்கு வருடம் முழுக்கப் பெய்வதே 1,400 மி.மீ. அளவுதான். மும்பை மழை நேராகவும் விழுவதில்லை. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று அதைச் சாய்த்துச் சுவரில் அறைகிறது. நான்கு மாதம் அறை வாங்கிய சுவர் என்ன செய்யும்? குடிக்கும்.

செங்கல்லும் சிமென்ட் பூச்சும் பார்க்கத்தான் கெட்டி. உள்ளே தலைமுடியைவிட மெல்லிய துளைகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. அந்தத் துளைகள் தண்ணீரைத் தாமாகவே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன தண்ணீர் என்றாவது ஒரு நாள் ஆவியாகி ஏதாவது ஒரு முகத்தின் வழியே வெளியேறியாக வேண்டும். அறைக்குள் வரும் முகத்தில் நாம் எமல்ஷன் பூசி வைத்திருக்கிறோம். எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள். தண்ணீர் காய்ந்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சவ்வாகிவிடும். இந்தச் சவ்வு நீராவியைக் கொஞ்சம் விடும், தண்ணீரை விடாது. பின்னால் ஈரம் சேரச் சேரப் பிடிப்பு தளர்ந்து கொப்புளம் எழும்புகிறது. எனாமலாக இருந்தால் ஆவிக்கும் வழி கிடையாது.

ஆனால் பெரிய வில்லன் தண்ணீர்கூட இல்லை, அது சுமந்து வரும் உப்பு. செங்கல்லில் உண்டு, சிமென்டில் உண்டு, மணலில் உண்டு. கடற்காற்றும் தன் பங்கைக் கொண்டுவந்து போடும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு எங்கே போகும்? பெயின்டுக்குச் சற்றுப் பின்னால் படிகமாக உட்கார்ந்துகொள்ளும். சோடியம் சல்ஃபேட் இதில் மகா முரடு. உலர்ந்த நிலையில் சிறு படிகமாக இருப்பது, ஈரம் கிடைத்தால் ஒரு மூலக்கூறுக்குப் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு ஏறக்குறைய நான்கு மடங்காகப் பெருக்கும். மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி, மறுபடி ஊதி, பூச்சின் துளைகளையே உடைத்துவிடும். சுவரில் வெள்ளைப் பஞ்சு போலப் பூத்திருப்பதைப் பார்த்து, ‘உப்பு பூத்துடுச்சு’ என்று நம் கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். இங்குள்ள பெயின்டர்கள் ‘பப்டி’ என்று பெயர்த்தெடுத்துக் காட்டும் சில்லு, வெறும் பெயின்டாக இருக்காது, பூச்சின் மேல்தோலும் அதோடு வரும்.

ஆகவே உதிர்ந்த சில்லைக் குப்பையில் போடுமுன் அதன் முதுகைப் பாருங்கள். சுத்தமாக, வழவழப்பாக இருந்தால் பிரச்சினை பிடிப்பில்: தூசி துடைக்காமல் அடித்திருப்பார்கள், அல்லது பளபளப்பான எனாமல் மேல் உப்புத்தாள் தேய்க்காமல் அடித்திருப்பார்கள். முதுகில் மாவாக ஒரு நிறம் அப்பியிருந்தால் அடியில் பழைய டிஸ்டெம்பரோ வெள்ளையோ இருக்கிறது. டிஸ்டெம்பர் அடிப்படையில் சுண்ணப்பொடியும் பசையும்தான், அதன்மேல் எமல்ஷன் நிற்பது மாவின் மேல் நிற்பது. பட்டியும் மணலும் ஒட்டி வந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது, டப்பா திறக்கும் யோசனையை ஒத்திப்போடுங்கள். இன்னும் சந்தேகமென்றால் ஒரு முழம் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்தால் கசிவு. அறைப்பக்கம் வியர்த்தால் சமையல் ஆவியும் துணி உலர்த்துவதும் குளிர்ந்த சுவரில் படிகின்றன, ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும்.

கசிவு என்றால் எங்கிருந்து? பேட்டைக்குப் பேட்டை பதில் மாறும். 1896-இல் பிளேக் வந்த பிறகு 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை மனை பிரித்த இடம் மாட்டுங்கா. அங்குள்ள பழைய ஆர்ட் டெகோ கட்டடங்களுக்கு ஜன்னலுக்கு மேலே நீளமான சஜ்ஜா உண்டு. ஊரில் சன்ஷேடு என்போம். அதன் அடிப்பக்க விளிம்பையொட்டி விரல் பருமனுக்கு ஒரு பள்ளக்கோடு இழுத்திருப்பார்கள். அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். விளிம்பில் வழியும் மழைநீர் கீழே விழாமல் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே சுவரை நோக்கி ஊரும், பரப்பு இழுவிசை அதை விழவிடாது. பள்ளத்தை எட்டியதும் பிடி விட்டுச் சொட்டிவிடும். பின்னால் வந்த ரிப்பேர்களில் அந்தக் கோட்டைச் சிமென்ட் வைத்து மழுக்கியிருந்தால், சஜ்ஜாவே தண்ணீரைச் சுவருக்குக் கொண்டுவந்து கொடுக்கும். அப்புறம் குழாய் இணைப்புகளில் முளைக்கும் அரசங்கன்று. மேலே கிள்ளினால் வேர் உள்ளே பருக்கும், அடியோடு எடுக்க வேண்டும்.

அடுக்குமாடியில் இன்னொரு ஊற்று மேல்வீட்டுக் குளியலறை. ‘எங்க வீட்ல லீக்கேஜே கிடையாது’ என்றுதான் மேல்வீட்டு மாமி சொல்வார். தரையின் வடிகால் வாயை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை ஒரு நாள் தேக்கி வைத்தால் கீழ்வீட்டுக் கூரை பதில் சொல்லிவிடும். மழைநீரும் வெளிப்புறப் பொதுக் குழாயும் காரணமென்றால் ரிப்பேர் செலவு சொசைட்டியுடையது, வீட்டுக்குள்ளான கசிவு அந்த உறுப்பினருடையது என்பதே மகாராஷ்டிர வீட்டுவசதிச் சங்க மாதிரி உபவிதிகளின் ஏற்பாடு. பொதுக்கூட்டச் சண்டை பாதி இங்கேயே தீர்ந்துவிட வேண்டும், தீர்வதில்லை.

கூரையில் நேர்கோடாக விரிசல் ஓடி, பழுப்புக் கறை தெரிந்தால் அது பெயின்டரின் வேலையே இல்லை. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அதன்மேல் பட்டி பார்த்து வெள்ளையடித்து மறைப்பது ஆபத்து. முப்பது வயது கடந்த கட்டடத்துக்குக் கட்டமைப்புத் தணிக்கை கட்டாயம் என்று மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353-பி பிரிவு சொல்வது இதற்காகத்தான். செம்பூரில் இன்னொரு கூடுதல் தொல்லை, காற்று. 1950-களின் நடுவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் பிறகு உர ஆலையும் வந்த பகுதி அது. கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்பை ஜிப்சமாக மாற்றிவிடும்.

காரணத்தை அடைத்தாயிற்று. உடனே அடிக்கலாமா? இங்கேதான் நம் பண்டிகைக் காலண்டர் குறுக்கே வருகிறது. ஈரச் சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்பது கட்டடத் துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் நாலரை மாதம். மும்பையில் மழை விடைபெறுவது அக்டோபர் முதல் பாதியில். தீபாவளியோ அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வந்துவிடும். தொட்டால் உலர்ந்ததாகத் தெரியும் சுவர் உள்ளுக்குள் நனைந்தே இருக்க, அதன்மேல் சவ்வு போட்டு மூடுகிறோம். அடுத்த ஆடிக்குள் உரிகிறது.

ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கமும் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வருவதுதானே என்று கேட்கலாம். அந்த வழக்கம் சுண்ணாம்புக்கு ஏற்பட்டது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகும். அதற்கு ஈரம் தேவை. காய்ந்த சுவரானால் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் அடிப்பார்கள். இறுகிய பிறகும் துளைகள் திறந்தே இருக்கும், சுவர் மூச்சுவிடும். சுண்ணாம்பு போய் எமல்ஷன் வந்தபோது டப்பா மாறியது, நாள் மாறவில்லை. சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும், வருடா வருடம் அடிக்க வேண்டும், ஃப்ளாட்டின் ஹாலுக்கு யாரும் அதை விரும்பப்போவதில்லை; நானும் அடிக்கமாட்டேன். ஆனால் எமல்ஷன்தான் வேண்டுமென்றால் பிப்ரவரி கடைசி முதல் மே வரை மும்பைக்குச் சரியான காலம்.

அந்த வேலையின் வரிசை இப்படி. தட்டிப் பார்த்து ‘டொக் டொக்’ என்று பொள்ளலாக ஒலிக்கும் இடம் வரை பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். புதுச் சிமென்ட் பூச்சுக்கு நான்கு வாரமாவது கொடுங்கள். அதன் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல், எண்ணெய் பெயின்டை அதன்மேல் அடித்தால் எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகவே மாறி ஒழுகும். பிறகுதான் காரம் தாங்கும் பிரைமர், மெல்லிய பட்டி, இரண்டு கோட். வெளிச்சுவரை ஒட்டி பி.ஓ.பி. வேண்டாம், அது ஜிப்சம், ஈரத்தில் நமத்துவிடும். பழைய கதவு, ஜன்னல் எனாமலை உலர்வாகத் தேய்க்காதீர்கள். பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலின் தூசி குழந்தைகள் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் போகக் கூடாது. ஈரத் துணியும் நனைத்துத் தேய்க்கும் தாளும் பயன்படுத்துங்கள்.

தாராவியில் இந்த வரிசை பாதியிலேயே நின்றுவிடும். மித்தி ஆற்றை ஒட்டிய பழைய சதுப்பு நிலம் அது; மழை முடிந்தாலும் சுவருக்கு ஈரம் கீழிருந்து வந்துகொண்டே இருக்கும். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு வைக்காத வீடுகளில் ஓதம் இடுப்புயரம், சிலவற்றில் நெஞ்சுயரம் ஏறுகிறது. சந்து ஒவ்வொரு முறை கான்கிரீட் போடும்போதும் உயர்ந்து, வாசற்படி பள்ளமாகிவிட்டது. மே மாதம் கூரைக்குத் தாட்பத்ரி (தார்ப்பாய்) கட்டினால் மேலிருந்து வருவது நிற்கும், இது நிற்காது. பலரும் செய்வது, கீழ்ச்சுவருக்கு நாலடி டைல்ஸ் ஒட்டுவது. வெளியேறும் முகம் அடைபட்ட ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறிப் புது உயரத்தில் பெயின்டை உரிக்கும். அந்த மூன்று நான்கு அடியைச் சுண்ணாம்பு-மணல் பூச்சாக விட்டு, வருடம் ஒரு முறை வெள்ளையடித்துக்கொள்வது மலிவு. உப்பைப் பூச்சு வாங்கிக்கொள்ளும். சில வருடத்தில் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசலாம். ட்ரங்குப் பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வையுங்கள். ஒரே சுவரை இரண்டு வீடு பகிர்ந்துகொள்ளும் இடத்தில், ஒரு பக்கம் டைல்ஸ் போட்டு மூடினால் ஈரம் முழுவதும் அடுத்த வீட்டு முகத்துக்குத் திரும்பும். ஆகவே பூச்சு வேலையை இரு வீட்டுக்காரர்களும் பேசி ஒன்றாக வைத்துக்கொள்வது நல்லது. கொத்தனார் கூலியும் பாதியாகும்.