கடைமடையில் தொடங்கும் ஆராய்ச்சி

மேட்டூரில் ஜூன் 12-ல் மதகு திறந்தால், கல்லணையைத் தாண்டி வரும் காவிரித் தண்ணீர் பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையைத் தொட நாளாகும். சில வருஷம் தொடாமலே போய்விடும். தூர் வாரவில்லை, ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது, ஷட்டர் பழுது என்று காரணம் சொல்வோம். எல்லாம் உண்மை. சொல்லாமல் விடுகிற காரணம் ஒன்று உண்டு: தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள இடமில்லை. மதகைத் திறக்கிற அலுவலகத்தோடு இருவருக்குமே பேச்சுவார்த்தை குறைவு.

மனிதர்கள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய வைத்துக்கொண்ட ஏற்பாடு ஏன் கெடுகிறது, எப்படித் திருத்தலாம் என்று ஆராய ஒரு துறையே இருக்கிறது. அமைப்பு மாற்றமும் மேம்பாடும் என்பார்கள். மேலாண்மைக் கல்லூரிகளில் இதை ஆலை, வங்கி, மருத்துவமனையை வைத்துச் சொல்லித் தருகிறார்கள். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன உளவியலாளர் கர்ட் லெவின் 1940-களில் இதற்கு ஒரு வழி காட்டினார். ஆய்வாளர் ஒதுங்கி நின்று குறிப்பெடுப்பதோடு நிற்கக் கூடாது. சம்பந்தப்பட்டவர்களோடு சேர்ந்து சிறு மாற்றம் ஒன்றைச் செய்து, விளைவைப் பார்த்து, அடுத்த அடியை வைக்க வேண்டும். அதுதான் செயல்வழி ஆய்வு.

நெல் வயலில் இதைச் செய்து காட்டியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப். இடம், இலங்கையின் அம்பாறை மாவட்டத்துக் கல்லோயா இடதுகரைப் பாசனம். தலைமடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழர்கள். வாய்க்கால்கள் தூர்ந்து, சண்டை மலிந்த பகுதி. 1981-ல் கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கார்னெலும் சேர்ந்து, படித்த இளைஞர்களை அந்த ஊர்களில் குடிவைத்தன. போனவர்கள் சங்கம் பதியவில்லை, தலைவர் தேர்தல் நடத்தவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் பாயும் பத்துப் பதினைந்து பேரிடம், “நமக்குள் முடிக்கக் கூடிய வேலை எது?” என்று கேட்டார்கள். பல வருஷமாகக் கைபடாத வாய்க்கால்களை அவர்களே வெட்டிச் சுத்தம் செய்தார்கள். முறை வைத்துப் பாய்ச்சினார்கள். மிச்சமான தண்ணீரைக் கீழே விட்டார்கள். சங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

1997 சிறுபோகத்தில், அதாவது வறண்ட பருவத்தில், நீர்த்தேக்கத்தில் தண்ணீர் குறைவு. 15,000 ஏக்கருக்கு மட்டும் அதிகாரிகள் அனுமதி தந்தார்கள். விவசாயிகள் பகிர்ந்து பாய்ச்சி 65,000 ஏக்கரில் விளைவித்தார்கள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சிங்களத் தலைமடை தமிழ்க் கடைமடைக்குத் தண்ணீர் விட்டது. இந்தத் துறையில் நான் அறிந்தவற்றில் இதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

இனி நம் பக்கம். குடிமராமத்து என்பது ஏரி, வாய்க்காலைப் பராமரிக்க ஊரார் தாமாகச் செய்த வேலை. 1858-ல் சென்னை மாகாணத்தில் அதற்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டி வந்ததென்றால், பழைய ஏற்பாடு அப்போதே தளர்ந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். 2000-ல் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் வந்தது. 2017-ல் குடிமராமத்து அரசுத் திட்டமாகத் திரும்பி வந்தது. சட்டம் சங்கத்தை உண்டாக்கும், பழக்கத்தை உண்டாக்காது. கல்லோயாவில் வேலை முந்தியது, சங்கம் பிந்தியது. டெல்டாவில் வரிசையை மாற்றிப் பார்க்கிறோம் என்பது என் கருத்து.

அதே அப்ஹாஃப் பின்னாளில் மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் எடுத்துச் சென்றதுதான் நாம் செம்மை நெல் சாகுபடி என்கிற ஒற்றை நாற்று முறை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 2000-ல் சோதனையைத் தொடங்கியது. இளநாற்று, கால் மீட்டர் இடைவெளி, கோனோவீடர் என்ற களைக்கருவி ஆகியவற்றை ஒரு நாளில் சொல்லிவிடலாம். கொத்துக் கொத்தாக நட்டுப் பழகிய பெண்கள், வயது குறைந்த நாற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிறு பிடித்து நட வேண்டுமென்றால், அவர்கள் கூலி பேசுகிற முறையிலிருந்து எல்லாம் மாற வேண்டும். புதிய விதையைவிட இதுதான் கடினம்.

இந்தப் படிப்பில் இறங்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒன்று. வேளாண் விரிவாக்கம், சமூகவியல், மேலாண்மை ஆகிய எதன் வழியாகவும் வரலாம். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், காந்திகிராமம் போன்ற இடங்கள் உண்டு. ஆனால் நாள் பிடிக்கும். மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சைக் கிராமங்களில் ஆய்வு செய்தார். 1976-ல் திரும்பி வந்து பார்த்தார். அந்த மாற்றத்தைப் பற்றிய நூல் 1989-ல் வந்தது. வருஷத்துக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணும் பல்கலைக்கழகங்கள் இத்தகைய ஆய்வுக்கு அவகாசம் தர வேண்டும்.

டெல்டாவில் பிறந்த பிள்ளைகளுக்கு மொழியும் தெரியும், மடையும் தெரியும். அடுத்த ஜூன் 12-க்கு முன்பே உங்கள் ஊர் வாய்க்காலின் கடைசி வயலுக்குப் போங்கள். அங்கே யாருக்கு எந்த நாளில் தண்ணீர் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.