கப்பல் ஊருக்கு வராவிட்டால் வேன் காசு என்ன ஆகும்?

ஆலங்காயத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்வரும் நாலு நண்பர்கள், சென்னையில் கப்பல் ஏறி இலங்கை சுற்றிவரத் திட்டமிடுகிறார்கள் என்று வையுங்கள். 2023 ஜூன் 5-ல் சென்னையில் கொடியசைத்து அனுப்பப்பட்ட எம்.வி. எம்பிரஸ், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை போன கப்பல். கப்பல்காரர்களின் டூர் வேண்டாம், கோணேஸ்வரத்துக்கு நாமே வேன் பேசிக்கலாம் என்பது இவர்கள் கணக்கு. செலவு குறையும்தான். காசை எப்போது கொடுப்பது?

முழுசாக முன்கூட்டியே கட்டாதீர்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன கார்டிலியா கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதியே கிடைக்கவில்லை. அப்படி ஆனால், வெளியே புக் செய்த வேனுக்குக் கப்பல் கம்பெனி பொறுப்பாகாது. ‘கப்பல் வராவிட்டால் அட்வான்ஸ் வாபஸ்’ என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிடுங்க. மீதியைத் திரும்பி வந்து இறங்கும்போது கொடுக்கலாம்.

அட்வான்ஸுக்கு கிரெடிட் கார்டு நல்லது. வேன் வராமல் ஏமாந்தால் பேங்கில் புகார் கொடுக்க வழி உண்டு. புது கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு ஆஃப்-ல்தான் இருக்கும், ஆப்பில் ஆன் செய்யணும். 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் நம்ம யுபிஐ-யும் வேலை செய்கிறது. ஆனால் அங்கே கியூஆர் வைத்திருக்கும் வியாபாரிகளிடம்தான். டிரைவரிடம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இன்டர்நெட் இல்லாத போனில் அதுவும் ஓடாது, கையில் கொஞ்சம் இலங்கை ரூபாய் இருக்கட்டும்.

நேரமும் காசுதான். கப்பல் டூர் பஸ் லேட்டானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனி வேனுக்கு நிற்காது. கப்பலேறும் கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுக வாசலில் இறக்கிவிடச் சொல்லி, வாடகை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.